பொருளைப் பாருங்கள், முகத்தை அப்புறம் பார்க்கலாம்

போன வருடம் பள்ளி விடுமுறையில் டர்பனிலிருந்து ஜோஹானஸ்பர்க் போயிருந்தபோது, அண்ணன் மகளைத் தென்னாப்பிரிக்காவின் அரசியலமைப்பு நீதிமன்றத்துக்குக் கூட்டிப் போனேன். 15 வயது, கையில் போன், இங்கே எதற்கு வந்தோம் என்ற சலிப்பு முகத்தில் அப்பட்டமாகத் தெரிந்தது. அங்கே தொங்கிக்கொண்டிருந்த ஒரு நீல கவுனுக்கு முன்னால் மட்டும் கொஞ்ச நேரம் நின்றாள். கல்யாண ரிசெப்ஷனுக்குப் போடுகிற மாதிரி நீளமான, அழகான கவுன். கிட்டே போய் உற்றுப் பார்த்துவிட்டு, "அத்தை, இது பிளாஸ்டிக் பைதானே?" என்றாள்.

ஆமாம், பிளாஸ்டிக் பைதான். ஓவியம் சிற்பம் பற்றி ஒன்றுமே படிக்காத ஒருவர் பெண் கலைஞர்களின் படைப்புகளைப் பார்க்கப் போனால் முதலில் கேட்க வேண்டியது அவள் கேட்ட அந்தக் கேள்விதான். இது எதனால் செய்தது?

அந்த கவுனின் கதை இது. நிறவெறி ஆட்சி முடிந்த பிறகு, அந்தக் காலத்துக் கொடுமைகளை விசாரிக்க உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையம் அமைத்தார்கள். விசாரணையை ரேடியோவில் ஒலிபரப்பினார்கள். அதைக் கேட்டுக்கொண்டிருந்த ஜூடித் மேசன் என்ற ஓவியரின் காதில் ஃபிலா ந்ட்வாண்ட்வே என்ற பெண்ணின் கதை விழுந்தது. ஃபிலா ஆப்பிரிக்கத் தேசிய காங்கிரஸின் ஆயுதப் பிரிவில் இருந்தவர், வீட்டில் பால்குடிக் குழந்தை. 1988இல் சுவாசிலாந்திலிருந்து அவரைப் பாதுகாப்புப் போலீசார் கடத்திக்கொண்டு வந்து, துணியில்லாமல் அடைத்துவைத்து, கூட இருந்தவர்களைக் காட்டிக்கொடு என்றார்கள். அவர் வாய் திறக்கவில்லை. கையில் கிடைத்த ஒரு நீல பிளாஸ்டிக் பையை இடுப்பில் உள்ளாடை மாதிரி சுற்றி மானத்தை மறைத்துக்கொண்டார். சுட்டுப் புதைத்துவிட்டார்கள். பல வருடம் கழித்துத் தோண்டி எடுத்தபோதும் அந்தப் பை அந்த எலும்புகளோடு இருந்தது.

மேசன் நீல பிளாஸ்டிக் பைகளைச் சேர்த்து அவருக்கு ஒரு கவுன் செய்து கொடுத்தார். அவ்வளவுதான் அந்தப் படைப்பு. அப்புறம் அதை வைத்து இரண்டு ஓவியங்களும் வரைந்தார், கவுனும் அவையுமாக மூன்றும் சேர்ந்துதான் நீதிமன்றத்தில் இருக்கின்றன. அதில் ரத்தமோ கண்ணீரோ இல்லை, கவுனுக்குள்ளே ஆளே இல்லை. ஆனால் அந்தப் பெண் பட்ட அவமானமும் அவர் விட்டுக்கொடுக்காத மானமும் ஒரே பிளாஸ்டிக்கில் இருக்கின்றன, ஒன்றை உரித்தெடுத்து இன்னொன்றை மட்டும் வைத்துக்கொள்ள முடியாது.

நம் மொழியில் ஒரு வசதி. பண்டத்துக்கும் பொருள் என்போம், அர்த்தத்துக்கும் பொருள் என்போம். இந்தக் கலைஞர்கள் பலர் அதைத்தான் செய்கிறார்கள், எந்தப் பண்டம் ஒரு பெண்ணை அழுத்தியதோ அதையே எடுத்து அவளுடைய வலிமைக்கும் அர்த்தமாக்கிவிடுகிறார்கள். நமக்கு இது புதிதா என்ன? கண்ணகி பாண்டியன் சபைக்கு எதைக் கொண்டு போனாள்? கோவலனைக் கொன்றதும் சிலம்பு, அரசனைக் கவிழ்த்ததும் சிலம்பு. அவள் அழுத அழுகையைவிட உடைந்து தெறித்த பரல்தான் நமக்கு ஞாபகம் இருக்கிறது. (நீதிமன்றத்தில் ஒரு பெண்ணின் பண்டம் சாட்சியாக நிற்பது என்று யோசித்தால் அந்த நீல கவுனும் சரியான இடத்தில்தான் தொங்குகிறது. அந்தக் கட்டடமே பழைய சிறையை இடித்த செங்கல்லையும் சேர்த்துக் கட்டியது.)

சரி, இந்த ஒரு சாவியை வைத்துக்கொண்டு வேறு கதவுகளையும் திறந்து பார்க்கலாம்.

எனக்கு மிகவும் பிடித்தவர் மேரி சிபாண்டே. 1982இல் பார்பர்டனில் பிறந்தவர். அவருடைய அம்மா, பாட்டி, கொள்ளுப்பாட்டி எல்லாருமே வெள்ளைக்காரர் வீடுகளில் வீட்டுவேலை செய்தவர்கள். சிபாண்டே தன் உடம்பையே அச்செடுத்து ஃபைபர்கிளாஸில் ஆளுயரத்துக்கு ஒரு பெண்ணைச் செய்தார், அவளுக்கு சோஃபி என்று பெயர் வைத்தார். சோஃபி போட்டிருப்பது வேலைக்காரிகளின் நீல நிற யூனிஃபார்ம், வெள்ளை ஏப்ரன், தலையில் துணி. ஆனால் அந்த நீலத் துணி இடுப்புக்குக் கீழே விரிகிறது, விரிந்துகொண்டே போகிறது, விக்டோரியா மகாராணி காலத்துச் சீமாட்டியின் பாவாடை மாதிரி தரையெல்லாம் பரவி நிற்கிறது. எஜமானியின் உடையும் வேலைக்காரியின் உடையும் ஒரே தையலில். ஒரு சிற்பத்தில் சோஃபி ஸ்வெட்டர் பின்னிக்கொண்டிருப்பாள், அதில் சூப்பர்மேன் சின்னம்.

இன்னொன்றைக் கவனியுங்கள், சோஃபியின் கண்கள் எப்போதும் மூடியே இருக்கும். தூக்கமா, பிரார்த்தனையா, கனவா என்று பார்ப்பவர்கள் ஆளாளுக்கு ஒன்று சொல்வார்கள். எனக்கு அது வேலை நேரத்தில் அவள் திருடிக்கொண்ட ஒரு நிமிடம் என்று தோன்றும். கண்ணைத் திறந்தால் மறுபடியும் பாத்திரம் கழுவ வேண்டும். 2010 உலகக் கோப்பை சமயத்தில் ஜோஹானஸ்பர்க் கட்டடங்களில் சோஃபியின் படங்களைப் பெரிய பெரிய அளவில் மாட்டியிருந்தார்கள், பின்கதவு வழியாக வீட்டுக்குள் போய் வந்த ஒருத்தி ஊரே அண்ணாந்து பார்க்கிற உயரத்தில் நின்றாள்.

சிபாண்டேயின் கொள்ளுப்பாட்டிக்கு எல்சி என்று பெயர் வைத்தவர்கள் எஜமானர்கள், அவருடைய சொந்தப் பெயர் அவர்கள் வாயில் நுழையவில்லை. இதைப் படித்தபோது எனக்குக் கப்பல் பதிவேடுகள் ஞாபகம் வந்தன. ஒப்பந்தக் கூலியாக வந்த நம் பாட்டன் பாட்டிகளின் பெயர்களைக் குமாஸ்தாக்கள் காதில் விழுந்தபடி எழுதிவைத்ததில், இன்றைக்கும் ஒரே குடும்பத்துக்குள் நான்கு விதமாக எழுதுகிற பெயர்கள் இருக்கின்றன. உடனே இன்னொன்றும் ஞாபகம் வந்தது, அது அவ்வளவு சௌகரியமாக இல்லை. சின்ன வயதில் எங்கள் வீட்டுக்கு வாரத்தில் மூன்று நாள் வேலைக்கு வந்த ஸூலு அம்மாளின் உண்மையான பெயர் எனக்குத் தெரியாது. நாங்கள் வைத்த பெயர்தான் தெரியும்.

நீலத்துக்குப் பிறகு சிபாண்டே ஊதாவுக்குப் போனார். 1989 செப்டம்பரில் கேப் டவுனில் ஊர்வலம் போனவர்கள் மேல் போலீஸ் ஊதாச் சாயம் கலந்த தண்ணீரைப் பீய்ச்சி அடித்தது, சாயம் பட்டவர்களை அப்புறம் அடையாளம் பார்த்துப் பிடிக்கலாம் என்று. சுவரில் யாரோ 'பர்ப்பிள் ஷால் கவர்ன்' என்று எழுதினார்கள். 'மக்களே ஆள்வார்கள்' என்ற சுதந்திரப் பட்டயத்தின் வரியில் பீப்பிளைப் பர்ப்பிள் ஆக்கிய குறும்பு அது. பிடித்துக் கொடுக்க அடித்த சாயம், கொடியின் நிறமாகிவிட்டது. சிபாண்டே அந்த நிறத்தை எடுத்து சோஃபியின் வாரிசுக்கு உடுத்திவிட்டார். மறுபடியும் அதே கணக்குதான், பார்த்தீர்களா.

டர்பனில் இந்தியர் குடியிருப்பான எங்கள் சாட்ஸ்வொர்த்துக்குப் பக்கத்தில், கறுப்பினத்தவர் டவுன்ஷிப்பான உம்லாசியில் 1972இல் பிறந்த ஸனேலே முஹோலியையும் இங்கே சொல்ல வேண்டும். முஹோலி தன்னை ஆண் என்றோ பெண் என்றோ வகைப்படுத்திக்கொள்வதில்லை, ஆனால் நான் சொல்லப்போகும் படங்கள் அம்மாவைப் பற்றியவை. அம்மா பெஸ்டர் 42 வருடம் வீட்டுவேலை செய்தவர். மகுடம் மாதிரி, காதணி மாதிரி துணிக் கிளிப்புகளை மாட்டிக்கொண்டு முஹோலி தன்னையே எடுத்துக்கொண்ட புகைப்படங்களுக்கு அம்மாவின் பெயரையே வைத்திருக்கிறார். தூரத்திலிருந்து ராணி மாதிரி இருக்கும், கிட்டே போனால் துவைத்த துணி காயப்போடும் கிளிப்.

புதிதாகப் பார்க்கிறவர்கள் செய்கிற பெரிய தப்பு, கஷ்டம் என்றால் அழுகிற முகத்தையும் வலிமை என்றால் ஓங்கிய கையையும் தேடுவது. சினிமாவும் சுவரொட்டியும் நம்மை அப்படிப் பழக்கிவிட்டன. 1956 ஆகஸ்ட் 9ஆம் தேதி கறுப்பினத்தவர் எங்கே போனாலும் அனுமதிச் சீட்டு வைத்திருக்க வேண்டும் என்ற பாஸ் சட்டத்துக்கு எதிராகப் பிரிட்டோரியாவில் அரசாங்கத் தலைமையகமான யூனியன் பில்டிங்ஸ் முன்னால் சுமார் 20,000 பெண்கள் திரண்டார்கள். லிலியன் ங்கோயி, ஹெலன் ஜோசஃப், ரஹீமா மூசா, சோஃபியா வில்லியம்ஸ் நால்வரும் முன்னால் நின்றார்கள். அன்றைக்குப் பாடியது, "வாதின்ட் அபாஃபாஸி, வாதின்ட் இம்போகோடோ." பெண்களைத் தொட்டால் பாறையைத் தொட்டாய் என்றுதான் எல்லாரும் மொழிபெயர்க்கிறார்கள். ஆனால் இம்போகோடோ என்பது மலைப்பாறை இல்லை, அரைக்கிற கல். நம் அம்மிக் குழவிதான், அச்சு அசலாக.

இந்த வித்தியாசம் எனக்குப் பெரிதாகப் படுகிறது. பாறை சும்மா கிடக்கும். குழவி தினமும் ஒரு பெண்ணின் இரண்டு கைக்குள்ளும் ஓடி, அவள் தோளை நோகவைத்து, தானும் தேய்ந்து, வழவழவென்று ஆகிற கல். 2000இல் அதே யூனியன் பில்டிங்ஸில் அந்தப் பெண்களுக்கு நினைவுச்சின்னம் வைத்தபோது, சிற்பி வில்மா குரூஸும் கட்டடக் கலைஞர் மார்கஸ் ஹோம்ஸும் குதிரைமேல் வீராங்கனை எதையும் நிறுத்தவில்லை. தரையோடு தரையாக ஒரு அரைகல்லை வைத்தார்கள். பக்கத்தில் போனால் அந்தப் பாட்டுவரி 11 மொழிகளில் மெல்லிய குரலில் கேட்கும்படி செய்திருந்தார்கள். இவ்வளவு பெரிய போராட்டத்துக்கு இவ்வளவு சின்னக் கல்லா என்று குறைப்பட்டவர்களும் உண்டு. எனக்கு அந்தச் சின்னக் கல்லே போதும்.

எஸ்தர் மஹ்லாங்கு பற்றி நீங்களே கேள்விப்பட்டிருப்பீர்கள், பளீரென்ற நிறங்களில் கறுப்புக் கோடு போட்ட ந்டெபெலே சுவர் ஓவியங்கள், 1991இல் ஒரு பிஎம்டபிள்யூ காருக்கே வரைந்தவர். பத்து வயதில் அம்மாவிடமும் பாட்டியிடமும் கோழி இறகால் வரையக் கற்றவர். பார்க்க அலங்காரம். ஆனால் 1883இல் டச்சு வம்சாவளி வெள்ளைக்காரர்களான போயர்களிடம் தோற்ற ந்டெபெலே மக்களைக் குடும்பம் குடும்பமாகப் பிரித்துப் பண்ணைகளில் கூலிக்கு விட்டார்கள், அதற்குப் பிறகு சுவரில் வரைவது நாங்கள் இன்னார், இன்னும் இங்கேதான் இருக்கிறோம் என்று பெண்கள் சொல்கிற வழியாகவும் ஆனது. சாணம் மெழுகிய சுவரில் அவர்கள், சாணம் தெளித்த வாசலில் நாம். கோலத்தைக் கலை என்று ஒரு கேலரியில் ஒத்துக்கொள்ள எத்தனை நாளாகுமோ, அது வேறு வயிற்றெரிச்சல்.

ஊசி நூல் விஷயத்துக்கு வருவோம், இங்கேதான் எனக்குப் பேசத் தீராது. தையலைக் கைவேலை என்று ஒரு மூலையில் ஒதுக்கியே பழகிவிட்டார்கள். எய்ட்ஸ் நோய் இந்த நாட்டில் சாவுக்கு மேல் சாவாகக் கொண்டுவந்த காலத்தில், கிழக்கு கேப் மாகாணத்தில் ஹாம்பர்க் என்ற கடலோர கிராமத்தில் சுமார் 130 பெண்கள் உட்கார்ந்து 2005இல் ஒரு மாபெரும் பலிபீடத் திரையைத் தைத்தார்கள். கீஸ்காமா பலிபீடம் என்று பெயர். ஐரோப்பாவில் நோயாளிகளைப் பார்த்துக்கொண்ட ஒரு மடத்துக்காக வரைந்த ஈசன்ஹைம் பலிபீட ஓவியம் ஒன்று உண்டு, மடிப்பு மடிப்பாகத் திறக்கும். அதே அமைப்பு, ஆனால் புனிதர்கள் நிற்கிற இடத்தில் அந்த ஊர்ப் பெண்கள். கடைசி மடிப்பைத் திறந்தால் பெற்றவர்கள் செத்துப்போன பேரப்பிள்ளைகளோடு மூன்று பாட்டிகளின் ஆளுயரப் புகைப்படம். சாமி படம் இருக்க வேண்டிய இடத்தில் பாட்டி. அதைச் செய்தவர்களும் அந்தப் பாட்டிகளைப் போன்றவர்களே, தைத்த கூலியில் வீட்டில் அடுப்பு எரிந்தது.

எங்கள் குவாசூலு-நட்டால் மாகாணத்தில் சியாசாமா பொம்மைகள் உண்டு. சியாசாமா என்றால் முயற்சி செய்துகொண்டிருக்கிறோம் என்று பொருள். 1990களின் கடைசியில் கிராமத்துப் பெண்கள் துணியும் பாசிமணியும் கோத்துச் சின்னச் சின்னப் பொம்மைகள் செய்தார்கள், எய்ட்ஸ் பற்றி, வீட்டுக்குள் நடப்பதைப் பற்றி. ஏன் பொம்மை? ஸூலு மரபில் ஹ்லோனிஃபா என்று ஒரு கட்டுப்பாடு, கல்யாணமான பெண் மாமனார் பெயரைச் சொல்லக் கூடாது, படுக்கை விஷயங்களை வாயால் பேசக் கூடாது. எங்கள் ஆயாவும் தாத்தா பெயரைச் சாகும்வரை சொன்னதில்லை, பென்ஷன் ஆபீஸில் கேட்டால் பக்கத்தில் நிற்கிற எங்களைப் பார்ப்பார், நாங்கள் சொல்ல வேண்டும். அந்த மாதிரி வாய் கட்டப்பட்ட பெண்கள் பேச வேண்டியதைப் பாசிமணியில் பேசிவிட்டார்கள். வாயால் சொல்லக் கூடாது என்றுதானே சட்டம், கையால் சொல்லக் கூடாது என்று யாரும் சொல்லவில்லையே!

சென்செனி மராசேலா இன்னும் ஒரு படி மேலே போய், தியோடோரா என்ற தன் அம்மாவின் பெயரையே ஒரு பாத்திரத்துக்குச் சூட்டி, ஜோஹானஸ்பர்க்குக்கு வேலைக்குப் போய்த் திரும்பாத புருஷனுக்காகக் காத்திருக்கிற பெண்ணாக 2013 முதல் 2019 வரை தினமும் சிவப்பு உடை மட்டுமே உடுத்தினார். ஆறு வருடம். காத்திருப்பு எவ்வளவு நீளம் என்று ஓவியத்தில் வரைய முடியுமா? உடுத்தித்தான் காட்ட வேண்டும்.

இந்த இடத்தில் ஒரு எச்சரிக்கை. பெண்கள் எவ்வளவு தாங்குகிறார்கள் பாருங்கள், பூமாதேவி மாதிரி என்று வாயைப் பிளந்து பாராட்டுகிறோமே, அது பல நேரம் சுமையை இறக்காமல் இருப்பதற்கு ஒரு சாக்கு. நல்ல படைப்பு அந்தப் பாராட்டுக்கு இடம் கொடுக்காது. சோஃபியைப் பார்த்து எவ்வளவு பொறுமைசாலி என்று யாருக்கும் தோன்றாது, இவள் ஏன் இந்த ஏப்ரனைக் கட்டியிருக்கிறாள் என்றுதான் தோன்றும். இன்னொரு கேள்வியையும் கேட்கலாம், கேட்கவும் வேண்டும். யாருடைய கஷ்டத்தை யார் காட்டுகிறார்? மேசன் வெள்ளைக்காரர், ஃபிலா கறுப்பினப் பெண். இதில் எனக்கு முழுத் தெளிவு இல்லை. அவர் ஃபிலாவின் உடம்பை வரைந்து காட்டாமல் அதற்கு உடை கொடுத்தாரே, அதனால் எனக்கு அந்தப் படைப்போடு சண்டை இல்லை. அவ்வளவுதான் சொல்ல முடியும்.

நம் பெண்கள் எங்கே என்று கேட்பீர்கள். 1860 நவம்பர் 16இல் மதராசிலிருந்து ட்ரூரோ கப்பல் டர்பன் வந்தது முதல் 1911 வரை ஒன்றரை லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் கூலிகளாக வந்தார்கள். 100 ஆணுக்கு 40 பெண் என்று கணக்குப் போட்டு ஏற்றினார்கள். முதல் வருடம் ஆணுக்கு மாதம் 10 ஷில்லிங், பெண்ணுக்கு அதில் பாதி, அரிசியிலும் பாதி. ஒப்பந்தம் முடிந்தவர்கள்மேல் 3 பவுண்ட் தலைவரி விழுந்தபோது 13 வயதுப் பெண்பிள்ளையையும் விடவில்லை. 1913 போராட்டத்தில் சிறைக்குப் போய், காய்ச்சலோடு வெளியே வந்து, 1914 பிப்ரவரியில் 16 வயதில் இறந்த தில்லையாடி வள்ளியம்மையை எல்லாருக்கும் தெரியும். ஆனால் இந்தப் பெண்கள் தங்களைத் தாங்களே வரைந்துகொண்ட படம் என்று நான் ஒன்றும் பார்த்ததில்லை. பென்சிலும் காகிதமும் குமாஸ்தாவிடம் இருந்தன.

பென்சில் கைக்கு வந்தபோது என்ன ஆனது என்பதற்கு டர்பன்காரர் ஃபாத்திமா மீர் இருக்கிறார். சமூகவியல் பேராசிரியர், ஓவியர் என்று யாரும் சொன்னதில்லை. 1976இல் ஜோஹானஸ்பர்க் பெண்கள் சிறையில் 113 நாள் அடைபட்டிருந்தபோது, கூட இருந்த கைதிப் பெண்களை ரகசியமாக வரைந்தார். அவர்கள் வரிசையில் நிற்பது, துவைப்பது, உட்கார்ந்திருப்பது. படங்கள் வெளியே கடத்தப்பட்டுத் தப்பின. கோடு கொஞ்சம் கோணல்தான், ஆனால் தப்பித்து வந்த காகிதம் அது.

பிற்பாடு அருங்காட்சியகமாகிவிட்ட அதே பெண்கள் சிறையில் 2013இல் ரேஷ்மா சிபா செய்த படைப்பு ஊரில் பெரிய சத்தத்தைக் கிளப்பியது. பரதம் கற்றவர், காளியை வைத்து நிறைய செய்பவர். சிறைக்குள்ளே பெண்ணுறுப்பின் வடிவத்தில் சிவப்பு மெத்தைத் துணியால் ஒரு நடைபாதை அமைத்தார், செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே நடந்தால் ஒரு பெண்ணின் அலறலும் சிரிப்பும் மாறிமாறிக் கேட்கும். அசிங்கம் என்றார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. செருப்பைக் கழற்றி உள்ளே போகிற இடத்துக்கு நாம் கருவறை என்றுதானே பெயர் வைத்திருக்கிறோம். ஆடி மாதம் மாரியம்மனுக்குக் கஞ்சி ஊற்றி, நாக்கைத் துருத்திய காளிக்கு எலுமிச்சை மாலை சாத்துகிற ஊர்க்காரர்களுக்கு அந்த அலறல் புரியாமல் போனால் வேறு யாருக்குப் புரியும்?

ஜோஹானஸ்பர்க்கிலிருந்து திரும்பும் வழியில் அண்ணன் மகள் போனைப் பார்க்காமல் யோசித்துக்கொண்டே வந்தாள். எங்கள் ஆயா டர்பனில் ஒரு துணி ஃபேக்டரியில் 27 வருடம் சட்டைக் காலர் தைத்தவர். வெளிர்நீல ஓவராலில் இடது பக்கம் பாக்கெட், பாக்கெட்டில் எப்போதும் சின்னக் கத்தரிக்கோல், துணியில் ஊசி குத்திக் குத்தி வைத்த ஓட்டைகள். இதை அவளுக்குச் சொன்னேன். "அந்த ஓவரால் இப்போ எங்கே அத்தை?" என்றாள்.

ஆயா இறந்த வருடமே அதைக் கிழித்துத் தரை துடைக்கப் போட்டுவிட்டோம். கத்தரிக்கோல் மட்டும் அம்மாவின் தையல் டப்பாவில் இருக்கிறது.